சமயமும் பொதுவாழ்வும்: ஒரே அளவுகோல்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பழம்பெருமை பேசுவது வழக்கம். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளோ சற்றுக் கடினமானது. அரசியலிலும் சமூகத்திலும் சமயத்துக்கு என்ன இடம்? இந்தக் கேள்வியை நாம் பெரும்பாலும் கொழும்பைப் பார்த்தே கேட்டு வந்திருக்கிறோம். இன்று நம் ஊரைப் பார்த்தும் கேட்போம்.

சமயம் பொதுவாழ்வுக்குள் வரவே கூடாது என்று சொல்ல நம்மால் முடியாது. யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தவர்களில் பெரும்பாலோர் சமயத்தவர்களே. மிஷன்மார் பாடசாலை கட்டினார்கள். அதைக் கண்டு சைவர்களும் கட்டினார்கள். 1923 இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வரை கல்வி பெருமளவு அவர்கள் கையிலேயே இருந்தது. அந்தப் போட்டியில் வென்றவர் யார் என்பது இப்போது முக்கியமல்ல. பயன்பெற்றவர்கள் பெண்பிள்ளைகள்.

கொழும்பைப் பார்த்துக் கேட்பதற்கும் நியாயம் உண்டு. சோல்பரி யாப்பின் 29(2) ஆம் பிரிவு, ஒரு சமயத்தவருக்கு இல்லாத சலுகையை இன்னொரு சமயத்தவருக்குச் சட்டத்தால் வழங்க முடியாது என்றது. 1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்பில் அந்தக் காப்பு இல்லாமற் போனது. பௌத்தத்துக்கு முதன்மையிடம் வந்தது. 1978 யாப்பின் 9 ஆம் உறுப்புரை அதைத் தொடர்ந்தது. ஏனைய சமயங்களின் உரிமைகளும் அங்கே உறுதி செய்யப்பட்டுள்ளன என்பது உண்மை. ஆனால், ஒரு சமயத்தைப் பேணுவது அரசின் கடமையாகிவிட்டால், சீருடை அணிந்தவர் வைக்கும் சிலை அவருடைய பக்தியா, அரசின் செயலா என்று யார் பிரித்துச் சொல்வது? 2023 மார்ச்சில், அந்தோனியார் திருவிழாவுக்காக நாம் அறிந்திருந்த கச்சதீவில் புத்தர் சிலைகள் இருக்கும் செய்தி வந்தபோது நம்மவர் மனதில் எழுந்த கேள்வி இதுதான்.

இனி நயினாதீவுக்கு வருவோம். குறிகட்டுவானில் இருந்து புறப்படும் படகில் நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போகும் நம்மவரும் நாகவிகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகரும் ஒன்றாகவே போகிறார்கள். மகாவம்சம் சொல்லும் கதையில், மாமனும் மருமகனுமான இரு நாக அரசர்கள் ஓர் ஆசனத்துக்காகப் போருக்கு நிற்க, அதைத் தணிக்கவே புத்தர் நாகதீபத்துக்கு வருகிறார். நமது பக்கத்திலோ, அம்மன் அடியாருக்குச் சோறிடும் அன்னதான சபைக்கு அமுதசுரபி என்று பெயர். அது மணிமேகலை என்ற பௌத்தக் காப்பியத்தில் வரும் பாத்திரம். இரு தரப்பாரும் உரிமை கொண்டாடும் இத்தீவின் கதைகள் சண்டையை நிறுத்துவதையும் பசி தீர்ப்பதையும் பற்றியே பேசுகின்றன.

இது பழங்கதை மட்டுமன்று. தையிட்டியில் தனியார் காணிகளில் விகாரை எழுந்தபோது, அந்தக் காணிகள் உரியவர்களிடம் போகவேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களில் நயினாதீவு நாகவிகாரையின் விகாராதிபதியும் ஒருவர். தன் சமயத்தவரின் செயலையே அவர் நீதியின் அளவுகோலால் அளந்தார்.

அந்த அளவுகோலை நாமும் கையில் எடுப்போமா? நமக்கும் நல்ல முன்மாதிரி உண்டு. தந்தை செல்வா கிறிஸ்தவர். 1952 தேர்தலில் அதுவும் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது, காங்கேசன்துறையில் தோற்றார். 1956 இல் அதே தொகுதியின் மக்கள், பெரும்பான்மையும் சைவர்கள், அவரைத் தெரிவு செய்தார்கள். ஒருவர் எங்கே கும்பிடுகிறார் என்பதைவிட எதற்காக நிற்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மறுபக்கமும் உண்டு. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் வந்தது. இருந்தும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நம்மவர் நம்மவரையே தடுத்தார்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக அயலில் வாழ்ந்தவர்களுக்காக உரத்துக் குரல் கொடுத்தவர்கள் குறைவு. 2018 இல் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததற்கு எதிர்ப்புக் கிளம்பியது. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் உரிமையை ஏற்றது. அடுத்த ஆண்டு, சிவராத்திரிக்கு முந்தைய நாளில், திருக்கேதீச்சரத்து வளைவு பிடுங்கப்பட்டது. அதைச் செய்தவர்களும் தமிழர்களே, கத்தோலிக்கர்கள். 9 ஆம் உறுப்புரை இவை எதையும் நம்மைக் கொண்டு செய்விக்கவில்லை.

சகோதரிகளே, சமயம் பொதுவாழ்வில் எப்படி வரவேண்டும் என்பதற்கு நம் தீவகத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2006 ஓகஸ்ட் மாதம் அல்லைப்பிட்டியில் எறிகணைகள் விழுந்தபோது மக்கள் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்துக்கு ஓடினார்கள். ஆலயமும் தாக்கப்பட்டது, அடைக்கலம் புகுந்தவர்கள் மாண்டார்கள். காயப்பட்டோரைக் காக்க ஓடித்திரிந்த பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் அதே மாதம் 20 ஆம் திகதி காணாமற் போனார். இன்றுவரை திரும்பவில்லை. பதவியோ காணியோ கேட்டு அவர் பொதுவாழ்வுக்குள் வரவில்லை. கதவைத் திறந்து வைத்திருந்தார்.

ஆகவே நாங்கள் சொல்லும் அளவுகோல் எளிமையானது. சமயத்தின் பெயரால் ஒன்று நடக்கும்போது, அது யாருக்குக் கதவைத் திறக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்க வேண்டும். விகாரையிடம் கேட்பதைக் கோயிலிடமும் தேவாலயத்திடமும் கேட்க வேண்டும்.

இது நமக்குக் கைக்கெட்டாத காரியமல்ல. தீவகத்தில் இன்று பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வகுப்பறைகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். கோபுரங்களோ உயர்ந்து நிற்கின்றன. அவற்றுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் நாம்தான். அனுப்புவதைத் தவறென்று சொல்ல வரவில்லை. திருவிழாவுக்கு ஊர் கூடுவது நமக்கும் ஆனந்தமே. ஆனால் பணத்தோடு சில கேள்விகளையும் அனுப்புங்கள். ஊரார் எல்லோரும் வேறுபாடின்றி உள்ளே வந்து வடம் பிடிக்கிறார்களா? கணக்கு ஊருக்கு வாசிக்கப்படுகிறதா? பரிபாலன சபையில் பெண்கள் எத்தனை பேர்? தேர்தல் காலத்தில் அந்த மேடை ஒரு வேட்பாளருக்கு வாடகைக்குப் போகிறதா? கோபுரத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கு பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைக்கும் போகிறதா?

நாம் படித்த வகுப்பறை வாங்கில் வீபூதி பூசியவளும் சிலுவை அணிந்தவளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அந்த இருக்கையை அடுத்த நூற்றாண்டுக்கும் வைத்திருப்பது நம் பொறுப்பு.