கோடரிக்குச் செய்யும் மரியாதை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோடரி. விழா மேடையில் இதுவா பேச்சு என்று சிலர் நகைக்கலாம். 2022ஆம் ஆண்டில் எரிவாயு கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றதை அதற்குள் மறந்துவிட்டோமா? அன்று பட்டணத்து வீடுகளிலும் விறகடுப்புப் புகைந்தது. தோட்டத்து லயங்களிலோ விறகை நாம் என்றுமே முற்றாகக் கைவிட்டதில்லை. கவ்வாத்து மிலாறு தீர்ந்தால் மரக்கட்டையைப் பிளந்தேயாக வேண்டும். பிளக்கத் தெரிந்த பெரியோர் தளர்ந்துவிட்டனர். இளைஞரோ பழகாத கையால் கோடரியை ஓங்குகின்றனர். ஒரு வெட்டுத் தவறினால் கால் போகும். அந்த உழைப்பை நம்பிய அடுப்பும் அணைந்துபோகும்.

முதலிற் கருவியைப் பாருங்கள். கூரான கோடரிதான் அபாயம் என்பது தவறான எண்ணம். மழுங்கிய கோடரியே கட்டையிற் பதியாமல் வழுக்கிக் காலை நோக்கி வரும். “குலத்தைக் கெடுக்கும் கோடரிக்காம்பு” என்று பிறரை ஏசுகிறோம். தளர்ந்த காம்பு மெய்யாகவே குலத்தைக் கெடுத்துவிடும். ஓங்கும்போது இரும்பு கழன்று பறந்தால் அது யார் தலையில் விழுமென்று யாரறிவார்? நீரில் ஊறவைத்தால் இறுகும் என்பார்கள். இறுகும், காய்ந்ததும் மறுபடி தளரும். ஆப்பு அடித்து இறுக்குவதே முறை. வெடித்த காம்பை மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது இடம். லயத்து முற்றம் பல வீட்டாருக்கும் பொது. பிள்ளைகள் ஓடி வருவார்கள். தலைக்குமேல் துணிக்கொடி இருக்கும். கோடரியை நீட்டிச் சுற்றினால் எதிலும் படாத வெளி வேண்டும். பிள்ளைகள் அதற்கும் அப்பால் நிற்கவேண்டும். மழையில் நனைந்த சரிவில் நின்று வெட்டலாகாது.

இனி வெட்டும் முறை. கனமான அடிக்கட்டையின்மேல், நமக்கு எதிர்ப்புற ஓரமாகத் துண்டை நிறுத்தவேண்டும். வெட்டு எட்டாமற்போனாலும் அடிக்கட்டையில் விழும், காலில் விழாது. கால்களை அகற்றி நின்று, கோடரி இறங்கும்போது முழங்காலையும் மடக்குங்கள். துண்டைக் கையாலோ காலாலோ பிடிக்கவே வேண்டாம். வெறுங்காலும் ரப்பர்ச் செருப்பும் இவ்வேலைக்கு ஆகா. களைத்த கை குறி தவறும்; களைத்தால் நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் வெட்டுப்பட்டால், கோப்பித்தூளும் சுண்ணாம்பும் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் விடாது அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றை வைத்து அழுத்தியபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஏற்பு ஊசி பற்றியும் கேளுங்கள்.

சகோதரர்களே! ஆயுத பூசையன்று கோடரிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். மறுநாள் அதே கோடரி கூரின்றி, ஆப்பின்றி, குழந்தைக்கு எட்டும் இடத்திற் கிடக்கிறது. தீட்டுவதும், இறுக்குவதும், அலகைச் சாக்கில் சுற்றி உயரத்தில் வைப்பதுமே ஆண்டு முழுவதும் அதற்குச் செய்யும் மரியாதை. பெரியோர்களே! இவ்வார விடுமுறையிலே ஒரு தம்பியை அழைத்து, அருகில் நிறுத்திக் கற்றுக்கொடுங்கள். தம்பிமார்களே! கேட்டுப் பழகுவதில் வெட்கம் வேண்டாம்.