கள்ளு மண்டி குடித்தால் கெடுதியா?

(அரியாலையில் தொழிலாளர் குடும்பங்களின் நலக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நான் இண்டைக்குப் பேசப் போறது முட்டியின் அடியிலை தங்குகிற மண்டியைப் பற்றி. அதைப் பற்றி எங்கடை சனத்திடம் இரண்டு கதை இருக்கு. ஒரு பகுதி, "மண்டி நஞ்சு, வயிறு ஊதிச் செத்துப் போவாய்" எண்டு சொல்லும். மற்றப் பகுதி, "மண்டியிலைதான் முழுப் பலமும் இருக்கு, பிள்ளைக்கும் ஒரு வாய் குடு" எண்டு சொல்லும். இரண்டும் பிழை. இரண்டாவது கதைதான் கூடப் பயமான கதை.

முதலிலை மண்டி எண்டால் என்னெண்டு பார்ப்பம். பாளையைச் சீவினால் வாறது இனிப்பான பதநீர். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் அது புளிக்காமல் கருப்பநீராய் இருக்கும். அதைக் காய்ச்சித்தான் பனங்கட்டி எடுக்கிறம். சுண்ணாம்பு பூசாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கிற நுண்ணுயிர்கள் அதிலை பெருகும். அவற்றுள் முக்கியமானது மதுவம். கடையிலை 'ஈஸ்ட்' எண்டு விக்கிறதும் அந்த இனந்தான். அது சீனியைத் தின்று மதுசாரமாகவும் வாயுவாகவும் மாற்றும். நுரை வாறது அந்த வாயுவாலை. வேலை முடிந்த மதுவம் அடியிலை படிந்து வெள்ளை மண்டியாகும். சில நாட்டிலை வீட்டில் பியர் வடிக்கிறவர்களின் போத்தலுக்கு அடியில் படிவதும் இதுவே. ஜேர்மனியில் கோதுமைப் பியரை அந்த மண்டியோடு கலக்கியே குடிக்கிறார்கள்.

ஆகவே சுத்தமான கள்ளின் மண்டி நஞ்சு இல்லை. எங்கடை பெண்கள் அப்ப மாவைப் புளிக்க வைக்கக் கள்ளு விடுகிறார்களே, அந்த வேலையைச் செய்வது இந்த மதுவந்தான். பாண் பொங்குவதும் அதனால்தான்.

இதிலை சத்து இருக்கோ எண்டால், இருக்கு. பீ வகை விற்றமின்கள் மதுவத்தில் நிறைய உண்டு. இங்கிலாந்தில் 1902இல் பியர் ஆலைகள் கழித்த மதுவத்தைக் காய்ச்சி ஒரு சத்துணவு செய்யத் தொடங்கினார்கள். அதுதான் நாங்கள் கடையிலை வாங்குகிற 'மாமைற்'. லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் 1928 முதல் பம்பாயில் துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்தார். மாமைற் கொடுக்க அது குணமாவதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்தைப் பின்னாளில் போலிக் அமிலம் என்று கண்டார்கள். இண்டைக்குக் கிளினிக்கிலை தாய்மாருக்குக் குடுக்கிற குளிசை அதுதான். எங்கடை நாட்டிலும் 1934-35 மலேரியாக் கொள்ளை நோயின்போது போசாக்கில்லாத சனத்துக்கு மாமைற் கொடுத்தார்கள்.

"அப்ப மண்டியைக் குடிச்சால் மருந்துதானே?" எண்டு கேட்பீர்கள். இல்லை. மாமைற்றிலை மதுவம் காய்ச்சி உடைக்கப்பட்டிருக்கு. அதிலை வெறியும் இல்லை. கள்ளு மண்டியிலை மதுவம் உயிரோடு இருக்கு. உயிருள்ள மதுவம் தன் சத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டின் சத்தையும் குடலுக்குள் உறிஞ்சக்கூடும். அதோடு வயிறு பொருமும், சிலருக்கு வயிற்றோட்டம் வரும். எல்லாத்துக்கும் மேலாக, மண்டி மதுசாரத்துக்குள்ளே கிடக்கு. நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு மதுசாரம் உள்ள கள்ளைச் சத்துக்காகக் குடிக்கிறது, ஒரு ரூபாய் எடுக்கப் பத்து ரூபாய் செலவழிக்கிற கதை.

ஆகையால் நான் சொல்லுறதைக் கவனமாய்க் கேளுங்கோ.

ஒன்று: பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கிற தாய்மாருக்கும் கள்ளும் வேண்டாம், மண்டியும் வேண்டாம். ஒரு வாயும் வேண்டாம். சத்து வேணுமெண்டால் கீரை, பயறு, முட்டை, கிளினிக் குளிசை.

இரண்டு: ஈரல் வருத்தக்காரரும், யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவரும் மண்டியைத் தொடக்கூடாது. மதுவம் அந்த அமிலத்தைக் கூட்டும். கடும் நோயாலோ மருந்தாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் உயிருள்ள மதுவம் ஆகாது.

மூன்று: மண்டி எண்டு நாங்கள் நினைக்கிறது முழுக்க மதுவம் இல்லை. தேனீ, எறும்பு, தூசு, கழுவாத முட்டியின் பழைய அழுக்கு எல்லாம் அடியிலைதான் கிடக்கும். பங்களாதேஷில் வௌவால் வாய் வைத்த பேரீச்சஞ் சாற்றைப் பச்சையாய்க் குடித்தவர்களுக்கு நிபா என்ற கொடிய நோய் தொற்றியது. முட்டியைக் கொதிநீரில் கழுவுங்கோ, வாயை மூடிக் கட்டுங்கோ, வடித்து எடுங்கோ. நிறம் மாறியோ நாறியோ இருந்தால் கவிழ்த்து ஊற்றுங்கோ.

நான்கு: புதுக் கள்ளை மண்டியோடு கண்ணாடிப் போத்தலிலை இறுக்கி மூடி வைக்காதேங்கோ. வாயு அடைந்து போத்தல் வெடிக்கும். வீட்டிலை சின்னப் பிள்ளைகள் இருக்கிற நாங்கள் இதை மறக்கக் கூடாது.

ஐந்து: மலைநாட்டுத் தோட்டங்களிலே இந்தத் தாளைப் படிக்கிற சகோதரர்களுக்கும் ஒரு சொல். கித்துள் கள்ளுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் கசிப்பு வேறு. அங்கே பயப்பட வேண்டியது மண்டிக்கு இல்லை. வெறி கூட்டுவதற்கு ஆலைகளில் பாவிக்கிற மெதனோல் கலந்தால் கண் பார்வை போகும், உயிரும் போகும். அது நிறத்திலும் மணத்திலும் தெரியாது. தெளிவாய் இருக்கு, மண்டி இல்லை, ஆகவே நல்ல சரக்கு எண்டு எவரும் நம்பி ஏமாறக் கூடாது.

தாய்மாரே, மண்டியை வீணாக்க மனமில்லையெண்டால் அதற்கு நல்ல இடம் அப்பச் சட்டி. ஒரு கரண்டியை மாவிலை விட்டுப் புளிக்க வையுங்கோ. சட்டிச் சூட்டிலை மதுவம் சாகும், வெறியும் பெரும்பாலும் ஆவியாய்ப் போகும், சத்து மாவோடை நிற்கும். புருஷன் பிளாவிலை குடிக்கிறதை விட, பிள்ளைகளின் கோப்பையிலை அது அப்பமாய் வந்தால் வீட்டுக்கு லாபம்.