எங்கே வலிக்கிறது?

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மெல்பர்னில் இப்போது இரவு பத்து மணி. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு மாலை ஐந்தரை. நாளை எனக்குக் காலைப் பணி இருக்கிறது, அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

மனத்திடம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரிக் கதை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் எனக்கு மல்யுத்தம் வழியாகத்தான் இதைச் சொல்ல வருகிறது.

2021இல் மெல்பர்னின் கார்ல்டன் பகுதியில் உள்ள ராயல் எக்ஸிபிஷன் பில்டிங்கில் கொரோனா தடுப்பூசி போட்டார்கள். நானும் அங்கே வேலை பார்த்தேன். 1919இல் விஷக்காய்ச்சல் பரவியபோது அதே கட்டடம் மருத்துவமனையாக இருந்திருக்கிறது. ஒருநாள் ஈரானியப் பெரியவர் ஒருவர் ஊசி போட்டுக்கொண்டு, பதினைந்து நிமிடம் காத்திருக்க உட்கார்ந்தார். மேலே குவிமாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். "இங்கேதான் தக்தி தங்கம் வாங்கினார்" என்றார். கண் கலங்கியிருந்தது. தக்தி அவருடைய உறவினர் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் அந்தக் கட்டடத்தில்தான் நடந்திருக்கிறது. ஈரானின் குலாம்ரெசா தக்தி 87 கிலோ பிரிவில் அங்கே தங்கம் வென்றிருக்கிறார்.

அதற்கு அடுத்த வருடம் என் மகன் மல்யுத்த கிளப்பில் சேர்ந்தான். அவனுக்கு அப்போது பதினாறு வயது. அதுவரை எனக்குத் தெரிந்த ஒரே மல்யுத்தம் ஞாயிறு பள்ளியில் படித்த யாக்கோபுடையதுதான். விடியும்வரை போராடி ஆசீர்வாதம் வாங்கினான், ஆனால் தொடைச்சந்து சுளுக்கி நொண்டிக்கொண்டே போனான். அந்த நொண்டலைப் பற்றி ஞாயிறு பள்ளியில் யாரும் அதிகம் பேசியதில்லை.

முதல் கிளப்பின் பயிற்சியாளர் கண்டிப்பானவர். "மனசு சொன்னால் உடம்பு கேட்கும்" என்பதுதான் அவர் பாடம். மகன் 64 கிலோ இருந்தான். 60 கிலோ பிரிவில் இறங்கினால் பதக்கம் உறுதி என்றார். போட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. பையன் சாப்பாட்டை நிறுத்தினான், பிறகு தண்ணீரையும் நிறுத்தினான். பிளாஸ்டிக் கோட்டு போட்டுக்கொண்டு ஓடினான். எச்சிலை ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டே இருந்தான்.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு நாள் நான் பேசாமல் இருந்தேன். "கொஞ்சம் பொறுத்துக்கோ மக்களே" என்றுகூடச் சொன்னேன். நாகர்கோவிலில் டிப்ளமோ படித்த காலத்தில் எங்களையும் அப்படித்தான் வளர்த்தார்கள். காய்ச்சலோடு நைட் டியூட்டி பார்த்தால் நல்ல பிள்ளை, அழுதால் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவள். அதுதான் மனத்திடம் என்று நானும் நம்பியிருந்தேன்.

மூன்றாம் நாள் இரவு அவன் குளியலறையில் உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. நாடியைப் பிடித்தேன், உட்கார்ந்த இடத்திலேயே 120க்கு மேல் ஓடியது. ஒரு நோயாளி இப்படி வந்தால் அடுத்த நிமிடம் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தின் அளவு குறைகிறது, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது, சூட்டை வெளியேற்ற வியர்வை போதாமல் போகிறது. 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போது ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடையையும் நீராவி அறையையும் தடை செய்தார்கள், சிறுநீரைச் சோதித்து உடம்பில் நீர் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். 2024இல் பாரிஸில் வினேஷ் போகாட் இறுதிப்போட்டிக்கு முன் 100 கிராம் கூடுதலாக இருந்து தகுதியிழந்தபோது நாம் எல்லோரும் அந்த 100 கிராமைப் பற்றியே பேசினோம். எனக்கு அதற்கு முந்தின இரவுதான் நினைவில் நிற்கிறது. எடை குறைக்க விடிய விடிய உடற்பயிற்சி, கடைசியில் முடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள்.

அன்று இரவு மகனுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். போட்டிக்குப் போகவில்லை. கிளப்பையும் மாற்றினோம்.

புதிய பயிற்சியாளர் பகலில் தச்சு வேலை செய்பவர். முதல் வாரம் முழுக்க எப்படி விழுவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். "இன்றைக்கு எங்கே வலி?" என்று கேட்பார். முதல் பதில் அவருடையது: "இடது முட்டி. நேற்றுத் தூக்கம் சரியில்லை." பிறகு பையன்கள் சொல்வார்கள், தோள், கழுத்து என்று. ஒருநாள் ஒருவன், "வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை" என்றான். பயிற்சியாளர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்தவனைப் பார்த்தார். ஆனால் அன்று அவனுக்கு ஜோடியாக, குழுவிலேயே நிதானமான பையனைப் போட்டார். எனக்கு எங்கள் வார்டின் டியூட்டி கைமாற்றம் ஞாபகம் வந்தது. யாருக்கு என்ன என்று சொல்லாமல் போனால் அடுத்து வருகிறவள் தப்பு செய்வாள்.

இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் பையன்கள் மெத்தனமாகிவிட மாட்டார்களா என்று அவரிடமே கேட்டேன். "வலி எங்கே என்று தெரிந்தவனுக்குத்தான் இன்னும் எவ்வளவு தாங்கலாம் என்று கணக்குப் போட வரும்" என்றார். பிறகு பையன்களோடு என்னையும் உட்கார வைத்து ஒரு வீடியோ காட்டினார்.

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 27, சிட்னி டார்லிங் ஹார்பர். கிரேக்க-ரோமன் 130 கிலோ இறுதிப்போட்டி. ஒரு பக்கம் ரஷ்யாவின் அலெக்சாண்டர் கரெலின். மூன்று ஒலிம்பிக் தங்கம், சர்வதேசப் போட்டிகளில் 13 ஆண்டுகளாகத் தோல்வியே இல்லை. எதிரில் வயோமிங் மாநிலத்துப் பால்பண்ணைக் குடும்பத்தின் ருலான் கார்ட்னர், ஒன்பது பிள்ளைகளில் கடைசி. 1997இல் இதே கரெலினிடம் 5-0 என்று தோற்றவர். முதல் சுற்றில் இருவருக்கும் புள்ளி இல்லை. அப்போதைய விதிப்படி இரண்டாம் சுற்றில் மார்போடு மார்பாகக் கைகளைக் கோத்து நிற்க வேண்டும், முதலில் பிடியை விடுபவர் ஒரு புள்ளி இழப்பார். கரெலினின் கைகள் ஒரு கணம் பிரிந்தன. அந்த ஒரே புள்ளியில் ஆட்டம் முடிந்தது. பெரிய தூக்கலும் வீச்சும் எதுவும் இல்லை. பையன்களுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பயிற்சியாளர் வீடியோவைக் கடைசி நொடிகளில் நிறுத்தினார். ஆட்டம் முடியும் முன்பே கரெலின் கைகளைத் தளர்த்திவிட்டார். "இவரிடம் இப்போது யார் போய்ப் பேசுவீர்கள்?" என்று கேட்டார். வென்றவரைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரப் போட்டியிலிருந்து அந்தக் குழுவில் ஒரு வழக்கம் வந்தது. தோற்று வருகிறவனிடம் முதலில் ஒருவன் தண்ணீர் பாட்டிலோடு போவான்.

எனக்கு அப்போது தக்தி நினைவுக்கு வந்தார். எதிராளியின் காயம்பட்ட காலைத் தாக்காமல் விட்டவர் என்று இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள். 1962 நிலநடுக்கத்தின்போது தெருவில் இறங்கி மக்களுக்காக நிதி திரட்டினார். ஈரானியர்கள் அவரை உலக வீரன் என்றார்கள். 1968 ஜனவரியில் தெஹ்ரானில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 37. அரசு தற்கொலை என்றது, மக்களில் பலர் இன்றும் அதை நம்புவதில்லை. ஊரே வீரன் என்று தூக்கி வைத்திருக்கும் ஒருவரிடம் யார் போய் எங்கே வலிக்கிறது என்று கேட்பார்கள்?

இலக்கியச் சந்திப்பு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். புறநானூற்றில் சாத்தந்தையார் பாடிய மற்போர்ப் பாடல் ஒன்று இருக்கிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைக் கீழே தள்ளி வெல்கிறான். ஆனால் புலவருக்கு வெற்றி மட்டும் போதவில்லை. மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, அவன் தந்தை தித்தன் இதைப் பார்க்க வேண்டும் என்கிறார். தந்தைக்கும் மகனுக்கும் பிணக்கு. எவ்வளவு பெரிய மல்லனுக்கும் தன்னைப் பார்க்க ஒரு கண் வேண்டியிருக்கிறது.

போன வருடம் மகன் 65 கிலோ பிரிவில், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இறங்கினான். இரண்டு ஆட்டம் வென்றான், மூன்றாவதில் தோற்றான். நொண்டிக்கொண்டே வந்தான். எனக்கு முன்பே ஒரு பையன் தண்ணீரோடு அவனிடம் போய்விட்டான். நான் அருகில் போய், "எங்க வலிக்குது மக்களே?" என்று கேட்டேன்.

"கணுக்கால்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "தோத்தது அதைவிட வலிக்குதும்மா" என்றான்.

கணுக்காலுக்கு ஐஸ் வைத்தேன். மற்றதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.