வெள்ளம் வடிந்தபின் மரச்சாமான்களைக் காப்பது எப்படி?



வெள்ளநீரில் ஊறிப்போன மரச்சாமான்களை வீட்டிலேயே சீர்செய்து மீண்டும் பயன்படுத்துவது எங்ஙனம் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

சிங்கப்பூரில் நம்மவர் தேக்கா என்று அழைக்கும் சிராங்கூன் சாலை வட்டாரத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அங்கே பஃபலோ சாலை என்றும் கெர்பாவ் சாலை என்றும் இரண்டு தெருக்கள் உள்ளன. ஒன்று ஆங்கிலச் சொல், மற்றொன்று மலாய்ச் சொல். இரண்டுக்கும் பொருள் எருமையே. தண்ணீரும் புல்லும் மிகுந்த தாழ்நிலமாக இருந்தமையால் ஒரு காலத்தில் அங்கே மாட்டு வாணிபம் செழித்தது. எருமைக்கு உகந்த நிலம் வெள்ளத்திற்கும் உகந்ததன்றோ? 1978ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் சிங்கப்பூரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. எழுவர் உயிரிழந்தனர், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். பின்னர்க் கால்வாய்கள் விரிவாக்கப்பட்டு வெள்ளம் பெரிதும் குறைந்தது. ஆயினும் 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்குள் நீர் புகுந்தது.

பெருநகருக்கே இந்நிலை எனில், ஆற்றோரத் தோட்டங்களைச் சொல்லவும் வேண்டுமோ? 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்கள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அப்போது நாம் செய்த பிழை ஒன்றை வெட்கத்தோடு இங்கே கூறுகிறோம். நம் தாயார் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய தேக்கு அலமாரி இடுப்பளவு நீரில் நின்றது. நீர் வடிந்ததும், விரைவில் உலரட்டும் என்று அதை உச்சி வெயிலில் வைத்தோம். மாலைக்குள் கதவுப் பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. வெள்ளம் விட்டுவைத்ததை நம் அவசரம் கெடுத்தது.

அதன் காரணம் எளியது. நீரில் ஊறிய மரம் உப்பும், உலரும்போது சுருங்கும். வெயிலில் வைத்தால் மேற்புறம் விரைந்து சுருங்க, உட்புறமோ இன்னும் ஊறியே இருக்கும். இந்த இழுபறியில் பலகை வெடிக்கிறது அல்லது வளைகிறது. ஆகவே நிழலும் காற்றோட்டமுமே மரத்திற்கு மருந்து.

இனிச் செய்யவேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, தரம் பிரித்தல். முழுமரத்தால் ஆன பொருளைப் பெரும்பாலும் மீட்கலாம். பிளைவுட் பலகை அடுக்கடுக்காகப் பிரியாதிருந்தால் முயலலாம். மரத்தூளையும் சிராய்களையும் பசையிட்டு அழுத்திய பலகையோ உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. அதற்காகப் பணம் செலவிட வேண்டா.

இரண்டாவது, கழுவுதல். வெள்ளநீரில் சாக்கடை நீரும் கலந்திருக்கும். கையுறையும் பூட்சும் அணிந்து, சேறு காயுமுன் நல்ல நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவுங்கள். பூசணம் தென்பட்டால் வீட்டிற்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சோப்பு நீரால் துடைத்தெடுங்கள்.

மூன்றாவது, இழுப்பறைகள். இறுகிக்கொண்ட இழுப்பறையை முன்னிருந்து இழுத்தால் கைப்பிடியே கையோடு வரும். பின்பலகையைக் கழற்றி, உள்ளிருந்து மெல்லத் தள்ளுங்கள். கழற்றக்கூடிய கதவுகளையும் தட்டுகளையும் கழற்றி, எந்த இடத்தது என்று சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள்.

நான்காவது, உலர்த்துதல். செங்கற்களின்மேல் உயர்த்தி, நான்கு புறமும் காற்றுப் படுமாறு நிழலில் வையுங்கள். தனிப் பலகைகளுக்கிடையே சிறு குச்சிகளை வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றினால் வளைவு குறையும். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். உப்பியிருந்த கதவு தானாகவே எளிதில் மூடும் வரை பொறுத்திருங்கள். அதற்குமுன் இழைப்புளி போட்டால், மரம் சுருங்கியபின் இடைவெளி விழும்.

ஐந்தாவது, மூட்டுகள். ஆடும் கால்களைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி நீக்கி, மரவேலைக்குரிய வெள்ளைப் பசையைத் தடவிப் பொருத்துங்கள். இறுக்குப்பொறி இல்லையேல், கயிற்றைச் சுற்றிக் கட்டி, ஒரு குச்சியை நுழைத்து முறுக்கினால் போதும். ஒரு முழு நாள் அசைக்காதீர்கள்.

ஆறாவது, மேற்பூச்சு. வார்னிஷில் படியும் வெண்மூட்டம் மரம் உலர உலரத் தானே மறைவதுண்டு. எஞ்சிய இடத்தை உப்புத்தாளால் மரத்தின் இழையோட்டத்தை ஒட்டித் தேய்த்து, புதிதாக வார்னிஷோ ஆளிவிதை எண்ணெயோ பூசலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடுமாதலால் அதைத் தூள் பறக்கத் தேய்க்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவது பேராபத்து. அது தானே சூடேறித் தீப்பற்றும். நீரில் நனைத்து, வெளியே விரித்து உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்துங்கள்.

இறுதியாக, உங்கள் கைபட்ட மரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கியது இந்நாட்டுத் தோட்டங்களின் கதை. பால் வற்றி வெட்டப்படும் மரம் இன்று மூவார் போன்ற ஊர்களில் மேசையாகவும் நாற்காலியாகவும் உருப்பெறுகிறது. ஆனால் அம்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. ஆதலால் பூசணமும் துளைப்பூச்சியும் எளிதில் பற்றும். ஆலையில் மருந்தேற்றிய பலகைக்கும் நீடித்த ஈரம் ஆகாது. வீட்டில் ரப்பர்மரச் சாமான் இருப்பின், அதை முதலில் உலர்த்துங்கள்.

தோழர்களே, ஒரு கட்டிலும் அலமாரியும் வாங்க எத்தனை விடியற்காலைகளில் பால் வெட்டவேண்டும் என்பதை நாம் கூறத் தேவையில்லை. அவ்வுழைப்பு வெள்ளத்தோடு போகவேண்டியதில்லை. அவசரத்தை விடுத்துப் பொறுமையைக் கைக்கொண்டால், நனைந்தவற்றுள் பல மீண்டும் உங்கள் வீட்டில் நிமிர்ந்து நிற்கும்.