பதினொன்று பதினொன்றாகப் பெருகும் பஞ்சுருண்டை

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் நகைச்சுவை என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நகைச்சுவையைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் யாரும் சிரிப்பதில்லை. அதனால் ஒரு கதையைச் சொல்கிறேன். தொலைக்காட்சியில் வந்த கதை. எட்டாம் வகுப்பில் அடுக்குகள் நடத்தும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன்.

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்கத் தொடரைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 1966 முதல் 1969 வரை 79 பகுதிகள் வந்தன. எண்பதுகளில் நம் தூர்தர்ஷனும் ஒளிபரப்பியது. விண்வெளிக் கப்பல், அதற்குக் கேப்டன் கிர்க், கூர்மையான காதுகளோடு ஸ்பாக். மொத்தத்தில் கொஞ்சம் விறைப்பான தொடர்தான். ஆனால் 1967 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பான ஒரு பகுதி மட்டும் வயிறு குலுங்க வைக்கும். எழுதியவர் டேவிட் ஜெரோல்ட். அப்போது அவருக்கு வயது 23.

கதை இதுதான். ஒரு விண்வெளி நிலையத்தில் உயர்ரகத் தானியம் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஒரு புதிய கோளில் விதைப்பதற்காக வைத்த தானியம் அது. காவலுக்கு நம் கப்பலைக் கூப்பிடுகிறார்கள். போர்க்கப்பலைக் கொண்டுபோய்த் தானியக் கிடங்குக்கு வாட்ச்மேன் வேலை பார்க்கச் சொன்னதாகக் கேப்டனுக்கு எரிச்சல். அந்த நிலையத்துக்கு ஊர் சுற்றும் வியாபாரி ஒருவன் வருகிறான். அவன் கையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பஞ்சுருண்டை. கண், காது, கால் எதுவும் வெளியே தெரியாது. தடவிக் கொடுத்தால் பூனைபோல் முரமுரக்கும். பெயர் டிரிபிள். (பெயரைச் சொன்னதும் என் வகுப்பில் "மூணு மடங்கா டீச்சர்?" என்று கேட்பார்கள். பொறு கண்ணு, மூன்றோடு நின்றால் பரவாயில்லை என்பேன்.)

கப்பலில் வேலை செய்யும் உஹுரா என்ற பெண் அதில் ஒன்றை ஆசையாக எடுத்து வருகிறாள். மறுநாள் பார்த்தால் நிறையக் குட்டிகள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவர் மெக்காய் ஆராய்ந்து பார்த்துவிட்டு, இந்தப் பிராணி பிறக்கும்போதே கர்ப்பமாகத்தான் பிறக்கிறது போலிருக்கிறது என்கிறார். தீனி போட்டால் பெருகும், அவ்வளவுதான் விஷயம். சாப்பாட்டுத் தட்டில் டிரிபிள், நாற்காலியில் டிரிபிள். கேப்டன் கிடங்கின் மேல்கதவைத் திறந்தால் தலைமேல் மழைபோல் கொட்டுகிறது. கழுத்தளவு டிரிபிள்களுக்கு நடுவில் அவர் நிற்கும்போது ஸ்பாக் அமைதியாக ஒரு கணக்குச் சொல்கிறார்: பதினேழு லட்சத்து எழுபத்தோராயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்று.

இங்கே கதையை நிறுத்திவிடுவேன். ஸ்பாக் எப்படிச் சொன்னார்? அவர் வைத்துக்கொண்டவை இவை: தொடக்கத்தில் ஒரே ஒரு டிரிபிள், ஒவ்வொன்றும் ஒரு ஈற்றில் சராசரியாகப் பத்துக் குட்டி, பன்னிரண்டு மணிக்கு ஒரு தலைமுறை, மொத்தம் மூன்று நாள்.

முதலில் ஊகிக்கச் சொல்வேன். பெரும்பாலும் வரும் விடை 61. மூன்று நாளில் ஆறு தலைமுறை, ஆறு பத்து அறுபது, பழையது ஒன்று. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இதைத்தான் சொல்வார்கள். இந்த 61-ஐக் கரும்பலகையின் மூலையில் எழுதி அப்படியே விட்டுவிடுங்கள். அழிக்க வேண்டாம்.

பிறகு புளியங்கொட்டை. சத்துணவுக் கூடத்தில் கேட்டால் ஒரு டப்பா கிடைக்கும். நடுவில் ஒரு கொட்டை வைக்கிறோம். அதற்குப் பத்துக் குட்டி, தாயோடு சேர்த்து 11. இப்போது தாய் மட்டுமா குட்டி போடும்? இந்த ஒரு கேள்விதான் பாடம். பதினொன்றும் போடும். 121. அடுத்தது 1331. அதற்குள் கொட்டை தீர்ந்துபோகும், தரையும் போதாது, மணியும் அடித்துவிடும். மறுநாள் மீதியை ஏட்டில் போட்டுக்கொள்வார்கள்: 14,641. 1,61,051. 17,71,561. ஸ்பாக் சொன்ன எண் அப்படியே வந்து நிற்கும்போது வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும். 11-இன் ஆறாம் அடுக்கு அது. கூட்டலில் 61, பெருக்கலில் பதினேழு லட்சம். மூலையில் எழுதி வைத்த 61 அப்போதுதான் வேலை செய்யும்.

ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால், 11, 121, 1331, 14641 இவற்றின் இலக்கங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். பாஸ்கல் முக்கோணத்தின் வரிசைகள் அவை. ஐந்தாவது அடுக்கில் 1, 5, 10, 10, 5, 1 என்று வர வேண்டியது, பத்து ஓர் இடத்தில் அடங்காமல் மீதி ஏறி 161051 ஆகிவிடுகிறது. இதை நான் பரீட்சையில் கேட்பதில்லை.

எண் பெரிது என்று சொன்னால் மட்டும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு என்று பிடிபடாது. 2011 கணக்கெடுப்பின்படி நம் திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 24 லட்சத்து 65 ஆயிரம். மூன்று நாளில் அதை எட்டவில்லை. இன்னும் அரைநாள் விட்டால் 1 கோடியே 94 லட்சத்தைத் தாண்டும், தலைக்கு ஏறக்குறைய எட்டு. அதற்கடுத்த அரைநாளில் 21 கோடி. தமிழ்நாட்டின் மக்கள்தொகையைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. "தீபத்துக்கு வர்ற கூட்டத்தவிட அதிகமா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். அதிகம்தான் பாப்பா.

அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. டிரிபிள் சொந்தக் கோளில் இப்படிப் பெருகவில்லை. அங்கே அதைத் தின்னும் விலங்குகள் இருந்தன. வியாபாரி அதைப் பகையில்லாத இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டான் என்று ஸ்பாக்கே சொல்கிறார். ஜெரோல்டுக்கு ஆஸ்திரேலிய முயல்கள் நினைவில் இருந்தன. 1859-இல் விக்டோரியா மாநிலத்தில் ஒரு பண்ணைக்காரர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இரண்டு டஜன் அளவு முயல்களை அவிழ்த்துவிட்டார். கண்டம் முழுதும் மேய்ந்து தீர்த்தன. 1950-இல் நோய்க்கிருமியை ஏவித்தான் ஓரளவு குறைக்க முடிந்தது.

ஆஸ்திரேலியாவுக்குப் போவானேன்? பள்ளிக்கு வரும் வழியில் ஏரிக்கரையைப் பாருங்கள். விறகுக்காக 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த சீமைக்கருவேலம். மாடும் ஆடும் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் போட்டுக்கொண்டே போகும். ஆகாயத்தாமரை பூவுக்காக வந்தது. உண்ணிச்செடியும் அழகுக்காகத்தான் வந்தது. டிரிபிளும் அப்படித்தானே, ஆசைக்கு எடுத்து வந்தது. என் மாணவர்கள் ஒருமுறை ஒரு சீமைக்கருவேலங்காயை உடைத்து விதைகளை எண்ணி, ஒரு மரத்துக்கு எத்தனை காய் என்று எண்ணப் போய், இருட்டும் வரை வீடு திரும்பவில்லை. அம்மாக்கள் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார்கள். பகலிலேயே செய்யுங்கள்.

கதையின் பிற்பகுதி எனக்கு இன்னும் முக்கியம். கிடங்கில் இருந்த டிரிபிள்களில் பல செத்துக் கிடக்கின்றன. தானியத்தில் எதிரிகள் ஒரு நச்சுக்கிருமியைக் கலந்திருக்கிறார்கள். தின்றது உடம்பில் ஒட்டாது. குதிர் நிறையத் தானியத்தைத் தின்றுகொண்டே பட்டினியால் சாகின்றன. சிரித்துக்கொண்டிருந்த வகுப்பு இந்த இடத்தில் அடங்கிவிடும். ஆண்டுக்கு இரு முறை பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறோம் அல்லவா? துப்பிவிட்டு வரும் பிள்ளைகளையும் நாம் அறிவோம். "நல்லாத்தான் சாப்பிடுது, உடம்புல ஒட்டவே மாட்டேங்குது" என்று அம்மாக்கள் சொல்லும் வார்த்தைக்கு ஒரு காரணம் வயிற்றுப் பூச்சி. இந்தக் கதைக்குப் பிறகு மாத்திரையைக் கையில் ஒளித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் என் வகுப்பில் குறைந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரைக்கு இன்னும் கதை கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

சிரிப்புக்கு வருகிறேன். செக்கோவ் என்ற ரஷ்ய இளைஞன் கப்பலில் இருக்கிறான். எந்தப் பொருளைப் பற்றிப் பேசினாலும் அது ரஷ்யாவில் கண்டுபிடித்தது என்பான். அந்தத் தானியத்தையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் நம் முன்னோர்தான் மூலம் என்று சொல்லும் உறவினர் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு, பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும். ஸ்காட்டி என்ற பொறியாளர் ஒரு கைகலப்பில் மாட்டிக்கொள்கிறார். கேப்டனைத் திட்டியபோது பொறுத்துக்கொண்டவர், கப்பலைத் திட்டியதும் கையை ஓங்கிவிட்டார் என்று தெரிந்ததும் கேப்டன் முகம் போகும் போக்கு இருக்கிறதே! தண்டனை, அறையை விட்டு வெளியே வரக்கூடாது. அவருக்கோ மகிழ்ச்சி, தொழில்நுட்ப இதழ்களைப் படிக்க நேரம் கிடைத்ததே என்று. விடுமுறையில் பயிற்சி வைத்தால் இப்படி மகிழ்கிறவர்கள் நம்மிலும் ஓரிருவர் உண்டு.

தமிழில் இந்த வகைச் சிரிப்பு இல்லையா என்றால், சுஜாதாவின் ஜீனோ இருக்கிறது. 'என் இனிய இயந்திரா'வில் வரும் நாய் உருவ இயந்திரம். பின்னர் தூர்தர்ஷன் தொடராகவும் வந்தது. நூலகத்தில் இருந்தால் எட்டாம் வகுப்புக்குக் கொடுங்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இவ்வளவு பெரிய எண் வேண்டாம். ஒன்றுக்கு இரண்டு குட்டி என்று வைத்து, 1, 3, 9, 27 வரை கொட்டையை அடுக்கினால் போதும். அப்போது பெயரும் பொருந்திவிடும்.

முடிவில் என்ன ஆயிற்று? கப்பலில் இருந்த அத்தனை டிரிபிளையும் ஸ்காட்டி, புறப்பட இருந்த எதிரிக் கப்பலின் எந்திர அறைக்குள் அனுப்பிவிடுகிறார். என் வகுப்பு கைதட்டியது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் மட்டும் தட்டவில்லை. "அங்க போயும் பெருகுமே டீச்சர்?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் ஏட்டைத் திறந்து, 17,71,561-ஐப் பதினொன்றால் பெருக்க ஆரம்பித்துவிட்டான்.