எந்த வருடத்தைக் குறைப்பது?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எமது உயர்தர வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை நூலகத்துக்குரியது. விஞ்ஞானப் பிரிவு மாணவிகளாகிய எமக்கு அது வேண்டாத சுமையாகப் பட்டது. 1995 இடப்பெயர்வில் ஏற்கனவே பல மாதங்களை இழந்தவர்கள் நாம். தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என நான்கு பாடங்கள் தலைக்குமேல் இருந்தன. "இந்த நேரத்துக்கு ரியூசனுக்குப் போனால் ஒரு பேப்பர் செய்யலாமே மிஸ்" என்று கெஞ்சினோம். வரலாற்று ஆசிரியை அசையவில்லை. "பிறகு உங்களுக்கு நேரம் வராது பிள்ளையள், இப்பவே வாசியுங்கோ" என்றார்.

எமது கேள்வியை இன்று அமெரிக்காவில் வளரும் எம் தோழியரின் பிள்ளைகள் கேட்கிறார்கள். அங்கே இளமாணிப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொதுக்கல்வி: எழுத்துப் பயிற்சி, வரலாறு, கணிதம், சமூகவியல் போன்றவை. கணினி படிக்கப் போன பிள்ளைக்கு வரலாறு எதற்கு, அதற்கு ஏன் கட்டணம் கட்ட வேண்டும், நீக்கிவிட்டால் மூன்று வருடத்தில் முடிக்கலாமே என்கிறார்கள். 2023 இல் ஐடஹோ மாநிலத்தில் 90 கிரெடிட்டை ஒட்டிய மூன்று வருடப் பட்டங்களுக்கு அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் அங்கே குறைத்தது விருப்பத் தெரிவுப் பாடங்களை, பொதுக்கல்வியில் கைவைக்கவில்லை.

அந்தப் பிள்ளைகளின் கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. தாயின் காப்பை அடகு வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது ஒரு வருட வட்டி. குறிப்பை மனனம் செய்து ஒப்புவிப்பதுதான் பொதுப்பாடம் என்றால், அது போவதில் நட்டமுமில்லை.

எமது நாடோ இந்தப் பரிசோதனையை எப்போதோ செய்துவிட்டது. சாதாரணதரத்தோடு, பதினாறு வயதில், விஞ்ஞானம் படிப்போரை விட்டு வரலாறும் இலக்கியமும் போய்விடுகின்றன. மருத்துவபீடத்தில் ஐந்து வருடமும் மருத்துவம்தான். அதன் விலையை நாம் உள்ளகப் பயிற்சியில் கண்டோம்.

எம்மிற் சிலர் தென்பகுதி வைத்தியசாலைகளுக்குப் போனோம். ஓர் இரவு, இருதயம் பலவீனமாகி, மூச்சுவிட முடியாமல் ஒரு வயதான அம்மா விடுதிக்கு வந்தார். எமக்குத் தெரிந்த சிங்களம் "ரிதெனவாத?", வலிக்கிறதா என்பது மட்டும். அதையே திரும்பத் திரும்பக் கேட்டோம். அவர் இல்லையென்று தலையாட்டிவிட்டு வேறேதோ சொல்லிக்கொண்டே இருந்தார். விடிய வந்த சிற்றூழியர் விசாரித்துச் சொன்னார்: கிளினிக்குக்கு வர பஸ் காசில்லாமல் இரண்டு மாதமாக அந்த அம்மா குளிசை போடவில்லையாம். இரவு முழுவதும் அவர் எமக்குச் சொன்னது அதைத்தான். இருதயத்தின் நான்கு அறைகளையும் நித்திரையிலும் வரையத் தெரிந்த எமக்கு, அந்தப் பேச்சைக் கேட்கத் தெரியவில்லை. அவர் சுகமாகி வீடு போனார். எமக்குத்தான் அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

சரி, இவ்வளவையும் விட்டுக்கொடுத்து நாம் காலத்தையாவது மிச்சம் பிடித்தோமா? 2000 ஆம் ஆண்டில் உயர்தரப் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தன. அதன் பின்னரும், பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழக வாசலை மிதிப்பதற்குள் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் கழிகிறது. உள்ளே போனபின் வேலைநிறுத்தமும் மூடலும் இன்னும் சில மாதங்களை எடுக்கின்றன. பட்டம் பிந்துவது இந்தக் காத்திருப்பால். குறைக்க வேண்டிய வருடம் இதுதான் என்று உரிய இடங்களில் நாம் உரத்துச் சொல்ல வேண்டும்.

அது குறையும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. எமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டின் நினைவாக, உயர்தரம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பாடசாலை நூலகத்தைத் திறந்து விடுவோம். வாரத்தில் மூன்று பின்னேரம் போதும். பேச்சுச் சிங்களம், ஆங்கிலத்தில் எழுதுதல், வரவு செலவுக் கணக்கு, எமது ஊரின் வரலாறு. பரீட்சை வேண்டாம். இங்குள்ளோர் நேரில் வருவோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருப்போர் இணையவழியில் ஒரு மணித்தியாலம் தருவோம். சிங்களம் கற்பிக்கச் சிங்களத் தோழியரை அழைப்போம். மருத்துவர்களாகிய நாம் முதல் மாத வகுப்புகளைப் பொறுப்பேற்கிறோம்.

எமது வரலாற்று ஆசிரியை இன்று எம்மிடையே இல்லை. நாம் வேண்டாமென்ற அந்தக் கடைசிப் பாடவேளையை அவர் எமக்காகக் காத்து வைத்தார். அதை எமது தங்கையருக்கு நாம் கொடுப்போம்.