எழுத்தாளனுக்குத் தரகன் எதற்கு?
(அன்னூரில் செய்த சொற்பொழிவு)



நாவல் எழுதுகிறவனுக்குத் தரகன் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நம் பக்கத்துச் சந்தையில் மாட்டுக்குத் தரகர் உண்டு, பருத்திக்கும் உண்டு. எழுத்துக்கு மாத்திரம் சரஸ்வதி கடாட்சமும் தலையெழுத்தும் போதும் என்கிறார்கள். இது உண்மைதானா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆர்.கே. நாராயண் மைசூரில் இருந்துகொண்டு இங்கிலீஷில் தம் முதல் நாவலை எழுதினார். லண்டன் பிரசுரகர்த்தர்கள் பலர் அதைத் திருப்பிவிட்டார்கள். மனமுடைந்த அவர், ஆக்ஸ்போர்டிலிருந்த நண்பர் கிட்டு பூர்ணாவுக்குப் பிரதியைத் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி எழுதினார். நண்பரோ அதைக் கிரகாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் சிபார்சு செய்ய, 1935-ல் ஹாமிஷ் ஹாமில்டன் கம்பெனியார் வெளியிட்டார்கள். விற்பனை போதவில்லை. 1937-ல் வேறு கம்பெனி, 1938-ல் மற்றொரு கம்பெனி என்று மாற நேர்ந்தது. டேவிட் ஹையம் என்ற ஏஜெண்டு அவருக்காகப் பேசுகிறவரானார்.

இதில் விதி எங்கே இருக்கிறது? ஆற்றுக்குப் போக இருந்த கதைதானே அச்சுக்குப் போயிற்று? எடுத்துச் சொல்ல ஆள் கிடைத்தான், அவ்வளவுதான்.

ஆனால் தோழர்களே, ஆக்ஸ்போர்டில் நண்பன் எத்தனை பேருக்கு உண்டு? குடியானவன் மகனுக்கும், தறிக்காரர் மகளுக்கும் சிபார்சு செய்ய யார் இருக்கிறார்கள்? பழக்கமுள்ளவனுக்கே கதவு திறக்குமென்றால் அது பிறவிச் சலுகையின் மறுபெயரேயாகும். முகந்தெரியாதவன் அனுப்பிய பிரதியையும் படித்துப் பார்ப்பதே ஏஜெண்டு தொழிலின் யோக்கியதை. அவன் கூலி, வருகிற பணத்தில் பெரும்பாலும் நூற்றுக்கு 15. புத்தகம் விலைபோகாவிட்டால் அவனுக்கும் ஒன்றுமில்லை. படித்துப் பார்க்கவே முன்பணம் கேட்பவன் ஏஜெண்டு அல்ல, ஏய்ப்பவன்.

தமிழில் இத்தொழில் இன்னும் வேரூன்றவில்லை. எழுதினவனே பதிப்பாளரிடம் பேசுகிறான். அச்சுச் செலவையும் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்பவர்களும் உண்டு. ஆகவே சட்டத்தையாவது தெரிந்துகொள்ளுங்கள். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்து மூலமாகக் கையெழுத்துடன் இருக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷந்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுந்தான். மொழிபெயர்ப்பு, சினிமா உரிமைகளைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள். விற்பனைக் கணக்கைக் கேளுங்கள்.

கணக்குக் கேட்பது அவமரியாதையல்ல. பருத்தி போட்டவன் எடையைக் கேட்காமல் வருவானா? எழுதினவன் மாத்திரம் ஏன் வாய்மூடி இருக்கவேண்டும்?